அங்கே நின்றால் இங்கே ஓடும்

அக்காவின் பவர் டேபிளில் சனிக்கிழமை சாயங்காலக் கணக்கு எழுதுவது நான்தான். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: திருப்பூரில் பவர் டேபிள் என்றால், பெரிய பனியன் கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியை வாங்கித் தைத்துத் திருப்பிக் கொடுக்கும் சிறு பட்டறை. அக்கா வீட்டு மாடியில், தகரக் கூரைக்குக் கீழே 14 மிஷின்கள். 22 பேர் வேலை செய்தார்கள், அதில் 17 பேர் பெண்கள். வார நாட்களில் நான் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். சனிக்கிழமை மட்டும், யார் எத்தனை ஷிப்ட், யார் எவ்வளவு அட்வான்ஸ் என்று கோடு போட்ட நோட்டில் எழுதிக் கூட்டிக் கொடுப்பேன்.

2025 செப்டம்பர் முதல் சனிக்கிழமை அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏழு பெயர்களை எழுதினேன். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்கள். அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். "யாரை நிறுத்தறது?" என்று அவள் கேட்டாள். ஒரு வரிசை இருந்தால் நல்லது என்று நான்தான் சொன்னேன். புருசன் சம்பாதிக்கிறவர்கள் முதலில். அப்புறம் பிசிர் வெட்டுகிற, கைமடிக்கிற ஹெல்பர்கள். அப்புறம் கண் மங்கிக்கொண்டு வருகிற, செக்கிங் மெதுவாகிவிட்ட வயதானவர்கள். எழுதி முடித்துப் பார்த்தால் ஏழும் பெண் பெயர்கள். டைலர்களாக இருந்த ஐந்து ஆண்களில் ஒருவரையும் தொடவில்லை. டைலரை விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது என்று மாமா சொன்னார். அது தொழில்ரீதியாகச் சரியான பேச்சு. நானும் தலையாட்டினேன். "ஆண் சம்பாதிக்கிறான் என்பதற்காகப் பெண்ணின் கூலியை உபரி வருமானமாகப் பார்ப்பது" பற்றி இரண்டு கட்டுரைகள் எழுதியிருக்கிறவள் நான்.

சம்பளக் கவரைக் கொடுக்கும்போதே விஷயத்தைச் சொன்னோம். அமெரிக்காக்காரன் வரி போட்டுவிட்டான், கம்பெனியில் துணி வரவில்லை, வந்ததும் கூப்பிடுகிறோம். எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். டீக்கடையிலும் மினி பஸ்ஸிலும் அந்தப் பேச்சுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. செக்கிங் பார்க்கும் ஒரு அம்மா, அம்பது தாண்டியவர், கவரைப் பிரித்து எண்ணிக்கொண்டே கேட்டார்: "ரசியாக்காரங்கிட்ட எண்ணெய் வாங்குனதுக்கு வரியாம்ல, அம்மிணி? நாம வாங்குனது ரேசன் கடைப் பாமாயிலுதானுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கேட்டது ஒரு தத்துவக் கேள்வி என்று எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆயிற்று.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரல் 2ஆம் தேதி அமெரிக்க அதிபர் டிரம்ப் ஏறக்குறைய எல்லா நாடுகளின் சரக்குக்கும் புதிய வரிப் பட்டியலை அறிவித்தார். இந்தியாவுக்கு 26 விழுக்காடு, வங்கதேசத்துக்கு 37, இலங்கைக்கு 44, வியட்நாமுக்கு 46. ஒரு வாரத்தில் அதை நிறுத்திவைத்தார். ஆகஸ்டில் எண்கள் மாறி மீண்டும் வந்தன. வங்கதேசம், இலங்கை, வியட்நாம் மூன்றுக்கும் 20. இந்தியாவுக்கு 25. ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்குவதற்காக இந்தியாவுக்கு மட்டும் இன்னொரு 25. ஆகஸ்ட் 27 முதல் மொத்தம் 50. பருத்தி டி-ஷர்ட்டுக்கு முன்பே 16.5 விழுக்காடு இறக்குமதி வரி உண்டு, அது தனி. ஒரு டி-ஷர்ட் ஐந்து டாலருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்பூரில் தைத்தால் அமெரிக்கத் துறைமுகத்தில் அதற்கு அப்போது 3 டாலர் 32 சென்ட் வரி விழுந்தது. டாக்காவில் தைத்தால் 1 டாலர் 82 சென்ட். இரண்டுக்கும் உள்ள ஒன்றரை டாலர் இடைவெளியை எந்தத் தையல்காரியின் கைவேகமும் நிரப்ப முடியாது. சரக்கை வாங்குகிறவர்கள் தள்ளுபடி கேட்டார்கள். ஏற்றுமதியாளர் அதில் கொஞ்சத்தைத் தாங்கி, மிச்சத்தை ஜாப் வொர்க் ரேட்டில் இறக்கினார். ஜாப் வொர்க் எடுப்பவர் பீஸ் ரேட்டில் இறக்கினார். அதற்குக் கீழே இறக்கி வைக்க இடம் இல்லை.

எண்ணெய்க் கதை இன்னும் விசித்திரமானது. உக்ரைன் போருக்கு முன் இந்தியா வாங்கிய எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு 2 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. போர் தொடங்கி மேற்கு நாடுகள் ஒதுங்கியதும் விலை இறங்கியது, நம் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டியது. லாபம் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போனது. அந்த எண்ணெயிலிருந்து எடுத்த டீசல் ஐரோப்பாவுக்கும் போனது. திருப்பூர் பங்கில் பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேலேயே நின்றது. ரஷ்ய எண்ணெயை நம்மைவிட அதிகமாக வாங்குகிற சீனாவுக்கு இந்தத் தண்டனை வரி விழவில்லை. சீனாவிடம் அரிய கனிமங்கள் இருக்கின்றன, திருப்பித் தாக்கும் வல்லமை இருக்கிறது. தண்டனை குற்றத்தின் அளவைப் பார்த்து வரவில்லை, தாங்கிக்கொள்வார்கள் என்று எண்ணிய இடத்தில் வந்து விழுந்தது. வீட்டுக்குள் கோபம் எப்படிப் பயணம் செய்யும் என்று பார்த்து வளர்ந்த பெண்களுக்கு இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். மேஸ்திரியிடம் திட்டு வாங்கியவர் மேஸ்திரியை அடிப்பதில்லை.

காண்ட்டை நான் வகுப்பில் நடத்துகிறேன். மனிதரை எப்போதும் வெறும் கருவியாக மட்டும் நடத்தக் கூடாது என்ற அவருடைய கோட்பாட்டை மாணவிகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் இந்த விஷயத்தில் அது போதவில்லை என்று இப்போது எனக்குப் படுகிறது. கருவியாகப் பயன்படுத்துகிறவருக்கு அந்தக் கருவி கையில் இருப்பதாவது தெரியும். வாஷிங்டனில் கையெழுத்துப் போட்டவருக்கு மாஸ்கோவை அசைக்க வேண்டும். அதற்கு டெல்லியை நெம்ப வேண்டும். நெம்புகோல் எதில் செய்யப்பட்டது என்று அவர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கைமடிக்கிற பெண் அவருக்குக் கருவிகூட இல்லை. கருவிக்குள் இருக்கிற இரும்புத் துகள். அந்த வரிகளுக்கு அவர் காட்டிய சட்டம், 1977ஆம் ஆண்டின் அவசரநிலைப் பொருளாதார அதிகாரச் சட்டம். ஒவ்வொரு உத்தரவிலும் தேசியப் பாதுகாப்பு என்ற சொல் உண்டு. யாருடைய பாதுகாப்பு என்று பெண்ணியவாதிகள் அரை நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ராத்திரி ஷிப்ட் முடிந்து அனுப்பர்பாளையம் ரோட்டில் தனியாக நடக்கிறவளின் பாதுகாப்பு எந்த உத்தரவிலும் வருவதில்லை. திங்கட்கிழமை வேலை இருக்கும் என்ற நம்பிக்கையும் ஒரு பாதுகாப்புத்தான், அதற்கும் எந்த அமைச்சகமும் இல்லை.

இதோடு நிறுத்தினால் இது எளிய கட்டுரையாக இருந்திருக்கும். வல்லரசு வில்லன், நாம் பலியாடு. பத்திரிகைகளில் அப்படி நிறைய வந்துவிட்டது. என்னால் அங்கே நிறுத்த முடியாததற்குக் காரணம் அதற்கு முந்தைய ஆகஸ்ட்.

2024 ஆகஸ்ட் 5ஆம் தேதி ஷேக் ஹசீனா டாக்காவைவிட்டு வெளியேறினார். அதற்கு முன்னும் பின்னும் பல நாட்கள் ஊரடங்கு, இணையத் துண்டிப்பு, ஆலைகள் மூடல். சீனாவுக்கு அடுத்தபடியாக உலகிலேயே அதிகமாக ஆடை ஏற்றுமதி செய்யும் நாடு வங்கதேசம். ஏறக்குறைய 40 லட்சம் பேர் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள், பெரும்பான்மை பெண்கள். அவர்களுடைய மிஷின் நின்றால் அந்த ஆர்டர் எங்காவது ஓட வேண்டும். திருப்பூருக்கு விசாரணைகள் வர ஆரம்பித்தன. நாங்கள் தைத்துக் கொடுக்கும் கம்பெனியிலிருந்து மாமாவுக்குப் போன் வந்தது. ரெண்டு மாசத்துக்குக் கை நிறையத் துணி, மிஷின் போதுமா என்று கேட்டார்கள். மாமா ஜிலேபி வாங்கி வந்தார். அன்று வீட்டில் எல்லோரும் சாப்பிட்டோம், நானும்தான். டிவியில் டாக்கா தெருக்கள் ஓடிக்கொண்டிருந்தன. முப்பது வருடம் செக்கிங் டேபிளில் நின்ற அம்மா, ஜிலேபித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒன்று கேட்டாள்: "அங்க இருக்கற புள்ளைங்களுக்கு இந்த வாரச் சம்பளம் போட்டிருப்பாங்களா?" யாரும் பதில் சொல்லவில்லை. சேனலை மாற்றினோம்.

அந்த ஆர்டரை நம்பி அக்கா கடன் வாங்கி நான்கு மிஷின்கள் போட்டாள். இந்த வருமானம் நிலைக்க வேண்டும் என்று மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாள். பாவம், அவளுக்கு யார்மேலும் வஞ்சம் கிடையாது. ஆனால் அந்த வேண்டுதலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது? ஆர்டர் இங்கேயே நிற்க வேண்டும் என்றால், அங்கே மிஷின் ஓடக் கூடாது. அம்மனிடம் அதைத்தான் கேட்டோம், சொற்கள்தான் வேறு.

அடுத்தவர் நஷ்டத்தில் லாபம் அடைவது தவறா என்று நான் பல நாள் யோசித்தேன். எப்போதும் தவறு என்று சொல்ல முடியாது. மருத்துவர் நோயில்தான் பிழைக்கிறார். கொத்தனார் இடிந்த வீட்டில்தான் கூலி வாங்குகிறார். ஆனால் நோய் தீர்ந்தால் மருத்துவருக்குக் கெட்ட பெயர் வராது. நோய் தீர்வதற்காகத்தான் அவர் இருக்கிறார். எங்கள் லாபம் அப்படிப்பட்டதல்ல. டாக்கா சீக்கிரம் சீரானால் எங்கள் கடன் முங்கிவிடும். கெடுதல் நீடித்தால்தான் நன்மை நீடிக்கும் என்ற இடத்தில் நாங்கள் வைக்கப்பட்டிருந்தோம். அந்த இடத்தை நாங்கள் கட்டவில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்து இனிப்புச் சாப்பிட்டோம். வெறும் மகிழ்ச்சிக்கு ஒழுக்கக் கணக்கு உண்டா என்று மாணவி ஒருத்தி கேட்டால், உண்டு என்றுதான் இப்போது சொல்வேன். ஏனென்றால் மகிழ்ச்சி அதோடு நிற்பதில்லை. அது கடன் வாங்க வைக்கிறது, கடன் ஒரு பக்கம் சாய வைக்கிறது.

சாய்ந்தோம். 2025 ஏப்ரலில் இந்திய அரசு, வங்கதேசச் சரக்கு நம் துறைமுகங்கள், விமான நிலையங்கள் வழியாக மூன்றாம் நாடுகளுக்குப் போகும் வசதியை நிறுத்தியது. அதே மாதம் வங்கதேசம், இந்திய நூல் தரைவழி எல்லையில் வருவதை நிறுத்தியது. மே மாதம் இந்தியா, வங்கதேச ஆயத்த ஆடைகள் தரைவழியாக வரக் கூடாது, கொல்கத்தா, நவசேவா துறைமுகங்கள் வழியாக மட்டும் வரலாம் என்றது. டாக்காவில் சீனாவின் செல்வாக்கு கூடுகிறது என்ற பதற்றம் ஒரு பக்கம், ஹசீனாவுக்கு டெல்லி இடம் கொடுத்த கோபம் இன்னொரு பக்கம். வாஷிங்டன் நமக்குச் செய்ததை நம் அளவில் நாம் பக்கத்து நாட்டுக்குச் செய்தோம். தெற்காசியாவில் இந்தியா தன்னைப் பாதிக்கப்பட்டவராக மட்டும் பார்த்துக்கொள்வது எனக்கு எப்போதும் உறுத்தும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்த மே மாத உத்தரவுக்குக் கைதட்டும் படங்கள் வந்தன. நூல் விஷயம்தான் இதில் கொடுமை. வங்கதேசம் இந்தியாவிடம் நிறைய நூல் வாங்குகிறது. இந்த நூலாலைகளில் விடுதியில் தங்கி வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் கிராமத்துப் பெண் பிள்ளைகள். இங்கே ஒருத்தி நூற்றதை அங்கே ஒருத்தி தைக்கிறாள். எல்லையை மூடியபோது இரண்டு பேர் கையும் ஒரே நூலில்தான் அறுந்தது.

இந்த இடத்தில் எனக்கு நானே ஒரு எதிர்வாதம் வைத்துக்கொள்ள வேண்டும். பொருளாதாரத் தடை எல்லாமே அநியாயமா? அப்படியானால் அந்நியத் துணி பகிஷ்காரம்?

1931 செப்டம்பரில் வட்டமேசை மாநாட்டுக்காக இங்கிலாந்து போன காந்தி, லங்காஷயர் பக்கம் போய் டார்வென் என்ற ஊரில் ஆலைத் தொழிலாளர்களைச் சந்தித்தார். இந்தியாவின் பகிஷ்காரத்தாலும் உலக மந்தத்தாலும் தறிகள் நின்று வேலை இழந்த ஊர் அது. அவரைச் சுற்றி ஆலைப் பெண்கள் கையுயர்த்திச் சிரித்துக்கொண்டு நிற்கிற புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பகிஷ்காரத்தைக் கைவிடுவதாக அவர் அங்கே வாக்குக் கொடுக்கவில்லை. இந்தியாவில் இதைவிடப் பெரிய வேலையின்மை இருக்கிறது என்று சொன்னார். அந்தப் படம் ஏதோ அன்பின் வெற்றி என்பதுபோலப் பகிரப்படும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். அந்தப் பெண்களின் வீட்டு அடுப்பு அதனால் எரிந்துவிடவில்லை. ஆனாலும் ஒரு வித்தியாசத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை. முடிவெடுத்தவர், அதன் விலையைக் கொடுக்கிறவர்களின் ஊருக்குப் போய் அவர்கள் முகத்துக்கு நேராக நின்றார். ஏன் என்று சொன்னார். அவர்கள் அவரைத் திட்டியிருக்கலாம், அதற்கு இடம் கொடுத்தார். தடை விதிக்கும் எந்த அரசாவது இன்று இதைச் செய்யுமா? ஒரு தடையைக் குறைந்தபட்சம் நேர்மையானது என்று சொல்ல இது ஒரு நிபந்தனை என்று எனக்குத் தோன்றுகிறது. போதுமான நிபந்தனை அல்ல.

போதாது என்று சொல்லக் காரணம் இலங்கை. 2009க்குப் பிறகு நாங்கள் கல்லூரிப் பிள்ளைகள் தெருவில் நின்றோம். இலங்கைமீது பொருளாதாரத் தடை வேண்டும் என்று கையெழுத்து வாங்கினோம். 2010 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம், மனித உரிமை உடன்படிக்கைகளை நிறைவேற்றவில்லை என்று சொல்லி இலங்கைக்கான ஜிஎஸ்பி பிளஸ் வரிச் சலுகையை நிறுத்தியது. நான் மகிழ்ந்தேன். இப்போதும் அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். முள்ளிவாய்க்காலுக்கு உலகம் எதையாவது செய்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சலுகையின் பெரும்பகுதி ஆடை ஏற்றுமதிக்கானது. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் 1978 முதல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் சிங்களக் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள். கொன்றவர்களின் சம்பளம் குறையவில்லை. பின்னால் வன்னியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. போரில் எல்லாம் இழந்த தமிழ்ப் பெண்கள் அங்கே வேலைக்குப் போனார்கள். 2017இல் சலுகை திரும்பி வந்தது. அதைப் பறிக்க வேண்டும் என்று இன்று யாராவது என்னிடம் கையெழுத்துக் கேட்டால் நான் பேனாவை எடுப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை. எடுக்காவிட்டால் நீதியைக் கைவிட்டவள் ஆவேன் என்றும் தோன்றுகிறது. இந்த முடிச்சை அவிழ்த்துவிட்டதாக நான் நடிக்கப்போவதில்லை.

ஐரிஸ் மரியன் யங் என்ற அமெரிக்கப் பெண்ணியச் சிந்தனையாளர், 2006இல் இறப்பதற்கு முன் கடைசியாக உழைத்தது இந்தக் கேள்வியில்தான். ஆடைத் தொழிற்சாலைகளையே உதாரணமாக எடுத்துக்கொண்டார். குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்பது அவர் வாதம். ஒரு அநியாயத்தை உண்டாக்கும் அமைப்பில் நம் அன்றாடச் செயல்களால் பங்கு கொள்கிற எல்லோருக்கும், குற்றவாளி இல்லாவிட்டாலும், அதை மாற்றும் பொறுப்பு உண்டு. எவ்வளவு பொறுப்பு என்பது நம் அதிகாரம், நாம் அடையும் பயன், சேர்ந்து இயங்கும் வாய்ப்பு ஆகியவற்றைப் பொறுத்தது. பாதிக்கப்பட்டவர்களையும் அவர் விட்டுவிடவில்லை. அமைப்பு மாற வேண்டும் என்பதில் அவர்களுக்கும் அக்கறை இருக்கிறது, அதனால் பொறுப்பும் இருக்கிறது என்றார். இதைப் படித்தபோது முதலில் எனக்குக் கோபம் வந்தது. தண்டனையும் வாங்கி, பொறுப்பும் நாங்களே ஏற்கவா? அந்த ஜிலேபி ஞாபகம் வந்தபோது கோபம் தணிந்தது.

சேர்ந்து இயங்குவது கற்பனை அல்ல. 2013இல் சாவாரில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்த பிறகு, கட்டடப் பாதுகாப்புக்காக உலக பிராண்டுகளைச் சட்டரீதியாகக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஒன்றைத் தொழிற்சங்கங்கள் வென்றெடுத்தன. நம் பக்கத்தில், ஒரு தலித் இளம்பெண் தன் மேற்பார்வையாளரால் கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் தலைமை தாங்கும் ஒரு சங்கம் போராடி 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. ஆசியத் தள ஊதியம் என்ற கோரிக்கை 2009இலேயே எழுந்தது. இந்தியா, வங்கதேசம், இலங்கை, கம்போடியா, இந்தோனேசியா எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிட்டால், கூலி குறைந்த ஊரைத் தேடி ஆர்டர் ஓடுவது நிற்கும் என்பது அதன் எண்ணம். 2023இல் டாக்காவில் 23,000 டாக்கா கேட்டுத் தெருவில் இறங்கிய பெண்களுக்கு 12,500தான் கிடைத்தது, சிலர் துப்பாக்கிச் சூட்டில் செத்தும் போனார்கள். அந்தக் கூலி ஏறியிருந்தால் இங்கே பீஸ் ரேட் கேட்கிற எங்கள் குரலுக்கும் கொஞ்சம் பலம் வந்திருக்கும். அன்று எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டம் ஒன்றில் இதைப் பற்றி ஒருவர் பேசினார். பெண்கள் கவனமாகக் கேட்டார்கள்.

வல்லரசுப் போட்டி கெடுப்பது முக்கியமாக இதைத்தான் என்று நினைக்கிறேன். கூலியில் போட்டி என்றால், கூலியை ஒன்றாக உயர்த்தலாம் என்று இரண்டு ஊர்ப் பெண்களும் பேசிக்கொள்ள ஒரு இடம் உண்டு. போட்டி கொடியில் என்று ஆகிவிட்டால் பேச என்ன இருக்கிறது? உனக்கு 20, எனக்கு 50. உன் அரசு நன்றாகப் பேசியது, என் அரசு பேசவில்லை. அவளுடைய கூலியும் என்னுடைய கூலியும் ஒன்றாகவே இருந்தாலும், நாடுகளுக்கிடையே எவனோ போட்ட எண் எங்களைப் பிரித்துவிடும். அப்போது தேசப்பற்று தவிர வேறு சொல் வாயில் வராது. முதலாளியும் தொழிலாளியும் ஒரே குரலில் டெல்லியைப் பார்த்துக் கைநீட்டுவோம். ஆகஸ்டில் அதுதான் நடந்தது. டெல்லி ஒன்றைக் கொடுத்தது: ஆகஸ்ட் 19 முதல் பருத்தி இறக்குமதிமீது இருந்த 11 விழுக்காடு வரியை எடுத்தது, பிறகு அதை டிசம்பர் வரை நீட்டித்தது. ஆலைகளுக்கு நூல் செலவு குறைய வேண்டும் என்பதற்காக. புதுப் பருத்தி சந்தைக்கு வரும் பருவத்தில் வெளிநாட்டுப் பஞ்சு வரியில்லாமல் உள்ளே வந்தால் விவசாயிக்கு என்ன விலை கிடைக்கும்? பருத்தி எடுக்கிறவர்கள் யார்? மகாராஷ்டிரத்திலும் தெலங்கானாவிலும் குனிந்து குனிந்து பஞ்சு பறிக்கிற பெண்கள். திருப்பூரில் ஒருத்தியின் சுமையை இறக்கி இன்னொருத்தியின் தலையில் வைத்தார்கள்.

ஏழு பேரில் என்ன ஆனார்கள் என்று சொல்ல வேண்டும். ஒருத்தி மகளுடன் சேர்ந்து ஆஸ்பத்திரி ஹவுஸ்கீப்பிங்குக்குப் போய்விட்டாள். ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு பேர் ரயிலேறினார்கள், திரும்புவார்களா என்று தெரியாது. "புருசன் சம்பாதிக்கிறான்" என்று நான் முதல் வரியில் எழுதிய பெண் இரண்டாவது வாரம் வந்தாள். அட்வான்ஸ் கேட்கத்தான் வந்தாள். புருசன் டையிங்கில் வேலை பார்க்கிறவர், அங்கேயும் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. அவர் சம்பளம் வீட்டுக்கு வந்து நான்கு வருடமாகிறது என்று, யாரும் கேட்காமலே, படியில் இறங்கும்போது சொன்னாள். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான்கு வருடமாக அவள் அட்வான்ஸ் கணக்கு என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

தீபாவளிக்கு முன் அக்கா காதர்பேட்டைக்கு லோக்கல் சரக்கு எடுத்தாள். ரேட் கம்மி. மூன்று பேரைத் திரும்பக் கூப்பிட்டோம், பழைய ஷிப்ட் கூலியைவிடக் குறைவாக. வந்தார்கள். இந்த முறை யாரைக் கூப்பிடுவது என்பதற்கு நான் வரிசை சொல்லவில்லை. படியிறங்கிய பெண்ணை முதலில் கூப்பிடு என்று மட்டும் சொன்னேன். பாமாயில் கேட்ட அம்மாவை அக்கா கூப்பிடவில்லை. கண் சரியில்லை, டேமேஜ் நழுவிவிடும் என்றாள். உண்மைதான். அவருடைய கண் அந்த டேபிளில்தான் போனது.

போன வாரம் கோயமுத்தூரில் ஒரு மாலில் தங்கை மகனுக்கு டி-ஷர்ட் வாங்கினேன். வெளிநாட்டு பிராண்ட். வீட்டுக்கு வந்த பிறகுதான் கழுத்துப் பட்டையைப் பார்த்தேன், மேட் இன் பங்களாதேஷ். அம்மாவிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழைய வழக்கப்படி அதை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, தோள் மூட்டை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். கழுத்தை விரலால் ஓட்டினாள். கீழ் மடிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"பேட்லாக் நல்லா ஓட்டியிருக்கா," என்றாள். "பிசிர்தான் சரியா வெட்டல, அவசரத்துல விட்டுட்டா போல." கத்தரியை எடுத்துவரச் சொன்னாள்.